நான் கேட்காமல் விட்ட மூன்று நிமிடங்கள்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. வாக்கியம் என்னுடையது. ஒளித்து வைத்துப் பிறகு எடுத்துக் காட்டுகிற வித்தையெல்லாம் எனக்கு வராது. இப்போதே காட்டிவிடுகிறேன்:

"நான்காவது இசைக்கோவையின் கடைசி மூன்று நிமிடங்கள் தேவையே இல்லை; கலைஞனுக்குத் தொடங்கத் தெரிந்தால் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும்."

அரைப்புள்ளியைக் கவனியுங்கள். அதை அங்கே வைப்பதா வேண்டாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். முந்நூறு பிரதி அச்சாகிற ஒரு காலாண்டிதழில், செவிச்செல்வன் என்ற புனைபெயரில் எழுதிய இசை விமர்சனம் அது. இரண்டு பேர் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அதில் ஒருவர் அரைப்புள்ளியைத்தான் பாராட்டினார்.

விஷயம் என்னவென்றால், அந்த மூன்று நிமிடங்களை நான் கேட்கவே இல்லை.

(என் மனைவி சுகுணா கணக்கு டீச்சர். நான் எழுதுவதை முதலில் படிக்கிறவள் அவள்தான், பென்சிலோடு. இந்த இடத்தில் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: "இத கடைசில சொல்லியிருந்தா ஜனங்க இன்னும் நாலு பக்கம் உங்கள மதிச்சிருப்பாங்க." அந்த மதிப்பு வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொன்னேன்.)

2

எப்படித் தொடங்குவது என்று பலவிதமாக முயன்று பார்த்தேன். கிழித்துப் போட மனமில்லை, இருக்கட்டும்.

முதல் தொடக்கம்: "தொப்பூர்க் கணவாயில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ தொலைவில் ஒரு கிடாரின் ஒற்றைத் தந்தி—" கணவாயில் யார் கிடார் வாசிக்கிறார்கள்? அங்கே கேட்பது ஹார்ன். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "சொற்கள் தோற்கும் இடத்தில்தான் இசை—" இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

மூன்றாவது: "மாதவராஜ் தொட்டிலில் கிடந்தபோதே விரல்களால்—" அவர் தொட்டிலில் கிடந்தபோது நான் பக்கத்தில் இல்லை. கேட்காததைப் பற்றி எழுதி ஒருமுறை மாட்டிக்கொண்டேன், பார்க்காததைப் பற்றியும் எழுத வேண்டுமா?

ஆகவே நேராகவே வருகிறேன். தர்மபுரியில் 'மூணு ஃபேஸ்' என்று ஓர் இசைக்குழு இருக்கிறது. மோட்டார் ஓட்ட மூன்று ஃபேஸ் கரண்டுக்குக் காத்திருக்கும் ஊரில் மூன்று பேர் சேர்ந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கிடார் மாதவராஜ். பகலில் ஒரு இருசக்கர வாகன ஷோரூமில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். ட்ரம்ஸ் நிர்மலா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பேஸ் கிடார் ரஞ்சித்குமார்.*

(* ரஞ்சித்குமாருக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. ஆனால் பெயர் போடாவிட்டால் கோபித்துக்கொள்வார்.)

இவர்கள் வாசிப்பது போஸ்ட்-ராக். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடகர் கிடையாது, வரிகள் கிடையாது. ஒரு கிடார் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கும், இன்னொன்று சேரும், ட்ரம்ஸ் பொறுமையாகக் காத்திருந்து உள்ளே வரும், பிறகு எல்லாம் சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். பாட்டு வரப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது முடிந்துவிடும். சென்ற வருடம் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள், பெயர் 'பக்கத்து ஊரில் மழை'. ஐந்து கோவைகள். நான்காவதின் பெயர் 'நிலக்கடலைக் காட்டில் யாரோ கூப்பிட்டது மாதிரி இருந்தது'. நீளம் பதினொரு நிமிடம் நாற்பது நொடி.

3

விமர்சகர்களும் கேட்பவர்களும் இந்த ஆல்பத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கட்டுரை எழுதுவதாகத்தான் எனக்கு ஆரம்பத்தில் எண்ணம். அதற்காகக் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். வீணாக்குவானேன்.

பெங்களூரிலிருந்து நடக்கும் ஓர் இணைய இதழ் பத்துக்கு ஐந்து புள்ளி எட்டு கொடுத்தது. "தர்மபுரியின் வறண்ட நிலத்தை ஒவ்வொரு சுரத்திலும் கேட்க முடிகிறது" என்றது. பதிவு செய்தது ஷோரூம் மாடியில், ஏசி அறையில். சென்னை விமர்சகர் ஒருவர் மூன்றாவது கோவையின் நடுவில் வரும் கரகரப்பில் தண்ணீர் அரசியலைக் கண்டுபிடித்தார். அந்தக் கரகரப்பைப் பற்றி மாதவராஜிடம் கேட்டேன்.

"அது ரஞ்சித்தோட ஒயர் லூசுங்க" என்றார். "அவரு நல்லாத்தானே எழுதியிருக்காரு, அப்பறம் எதுக்கு மாத்தறதுன்னு வுட்டுட்டன்."

யூடியூபில் கேட்டவர்கள் இன்னும் நேர்மையாக இருந்தார்கள். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று ஒருவர். அதற்குக் கீழே இன்னொருவர், "ஆரம்பிச்சு முடிஞ்சிடுச்சு ப்ரோ." "இது எந்தப் படத்தோட பிஜிஎம்?" என்று மூன்று பேர், மூன்று படங்களின் பெயரைச் சொல்லி. "குழந்தை தூங்கிருச்சு, ரொம்ப நன்றி" என்று ஓர் அம்மா. "இதற்கான வரிகள் என்னிடம் உள்ளன" என்று போன் நம்பரோடு ஒரு கவிஞர். பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பில் இதைப் போட்டார்களாம். யாரும் எழுந்து ஆடவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை, பந்தி மட்டும் வழக்கத்தைவிட ஒழுங்காக நடந்தது என்று மண்டபத்துக்காரர் சொன்னதாகக் கேள்வி.

இவ்வளவுக்கும் நடுவில், சொந்த மாவட்டத்திலிருந்து வந்த ஒரே விமர்சனம் செவிச்செல்வனுடையது. அதுதான் வினை.

4

எப்படிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

தொழிலால் நான் பத்திர எழுத்தன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் மேசை. ஒரு வேலையாகச் சேலம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலோர இடம், காதில் ஒயர். முதல் மூன்று கோவைகளை மனதாரக் கேட்டேன், அதில் பொய்யில்லை. நான்காவது தொடங்கியது. நன்றாகத்தான் இருந்தது. பஸ் தர்மபுரி நிலையத்துக்குள் நுழையும்போது சுகுணாவின் போன் வந்தது.

"புளி தீந்துபோச்சு. வரும்போது வாங்கிட்டு வாங்க. போன தடவ மாதிரி கொட்டையோட வாங்கிட்டு வந்துடாதீங்க."

இறங்கினேன், புளி வாங்கினேன், வீட்டுக்குப் போனேன். அவ்வளவுதான். விமர்சனம் எழுத உட்கார்ந்தபோது திரையைப் பார்த்தேன். நான் விட்ட இடம் வரைக்கும் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. எட்டு நிமிடம் நாற்பது நொடி. மிச்சம் சரியாக மூன்று நிமிடம். கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் அதற்குள் மனதில் வந்துவிட்டது, அரைப்புள்ளியோடு. கேட்டிருந்தால் அது கெட்டுப்போயிருக்கும்.

நான் எழுதும் ஒவ்வொரு பத்திரத்தின் முடிவிலும் "படித்துப் பார்த்தும் படிக்கச் சொல்லிக் கேட்டும் மனப்பூர்வமாகச் சம்மதித்து" என்று எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். அரை சென்ட் நிலத்துக்கு நான் கொடுக்கிற மரியாதையை மூன்று பேருடைய இரண்டு வருட உழைப்புக்குக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

விமர்சனம் வந்த இரண்டாவது மாதம், செவிச்செல்வன் யார் என்று இதழின் ஆசிரியரிடம் விசாரித்துக்கொண்டு மாதவராஜ் என்னை ஷோரூமுக்குக் கூப்பிட்டார். போனேன். சர்வீஸுக்கு வந்த வண்டிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நிர்மலாவும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வந்திருந்தார்.

"சார், நீங்க எழுதினது கரெக்ட்டுங்க" என்றார் மாதவராஜ். "கடைசி மூணு நிமிசத்த வெட்டிட்டன். புதுசா ஏத்தியாச்சு. இப்ப எட்டு நாப்பதுல முடிஞ்சிரும்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

"பெங்களூர்க்காரங்க எழுதினதெல்லாம் எனக்கு ஒண்ணும் படலீங்க. நம்மூர்ல ஒருத்தர் ஒக்காந்து முழுசா கேட்டு எழுதியிருக்கீங்க பாருங்க, அதான்" என்றார்.

"கலைஞனுக்கு இந்தப் பணிவு வேணும்" என்று சொன்னேன். சொன்னேன், என்ன செய்வது. டீ வந்தது, குடித்தேன்.

நிர்மலா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மூணு நிமிசத்துல குறிப்பா எது சார் உங்களுக்குப் புடிக்கல?"

"ஒட்டுமொத்தமா ஒரு தொய்வு."

"அந்த வயலின் வருதே, அந்த எடமா?"

"அதேதான். அந்த வயலின் கொஞ்சம் அதிகம்."

"ஓ" என்றார் நிர்மலா. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த ஆல்பத்தில் எங்குமே வயலின் கிடையாது.

6

இப்போது நிர்மலாவின் அப்பா குப்புராஜ் வருகிறார். அவரை நம்புவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கே கஷ்டமாக இருந்தது. கேட்காமல் எழுதிய விமர்சகனைத் தண்டிப்பதற்காகவே ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய பாத்திரம் மாதிரி இருக்கிறார். நான் உருவாக்கியிருந்தால் பெரிய மீசை வைத்திருப்பேன். இவருக்கு மீசையே இல்லை. ஐம்பத்தாறு வயது, சாயம் அடித்த தலை, சலவைச் சட்டை, லாரி டிரைவர். வீடு அதியமான்கோட்டையில்.

ஒருநாள் நிர்மலா போன் செய்தார். "எங்கப்பா உங்களப் பாக்கணும்னு சொல்றாருங்க." வாசகர் என்று நினைத்துக்கொண்டு பையில் நல்ல பேனா ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு போனேன்.

(சுகுணாவின் பென்சில்: "ரெண்டு பேனா.")

அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக ஒரு டீக்கடை. மாலை நான்கு மணி. லாரி பக்கத்தில் நின்றிருந்தது. குப்புராஜ் எழுந்து கும்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் திருத்தம் எதுவும் இல்லை.

"நான் ஓசூர்ல கம்பி ஏத்திக்கிட்டு சேலத்துக்கு வர்றவங்க. இருவத்தஞ்சு டன்னு. தொப்பூர் எறக்கத்துல எத்தன வண்டி போச்சுன்னு உங்களுக்கே தெரியும். கொஞ்சம் டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல வுடுவானுங்க, அப்பறம் பிரேக்கு தாங்காது. நான் அப்டி வுடமாட்டன். ஆனா என் வண்டில ஸ்பீடு காட்டற முள்ளு மூணு வருசமா படுத்துக் கெடக்குது. ஓனர் மாத்தித் தர்றன்னே சொல்லிக்கிட்டு இருக்காரு."

டீயை ஆற்றிக்கொண்டார்.

"பாப்பா, அது போட்ட பாட்டுன்னு பென்டிரைவுல ஏத்திக் குடுத்துச்சு. மொதல்ல ஒண்ணும் வெளங்கல. யாருமே பாடல. சரி, நம்ம பாப்பா அடிக்கறதாச்சேன்னு ஓட வுட்டன். ஒரு நாளு எறக்கம் ஆரம்பிக்கற எடத்துல நாலாவது பாட்டு வந்துச்சு. கீழ ரெட்டப் பாலத்தத் தாண்டறன், பாட்டு முடியுது. மறுநாளு வேணும்னே அதே எடத்துல போட்டுப் பாத்தன். அதே பாலத்துல முடியுது. அன்னிலர்ந்து அதானுங்க எனக்கு மீட்டரு. பாட்டு முடியறதுக்குள்ள பாலம் வந்துட்டா நான் வேகமா வந்திருக்கன். பாலத்துக்கு மின்னாடியே பாட்டு முடிஞ்சா மெதுவா வந்திருக்கன்."

"எத்தனை தடவை கேட்டிருப்பீங்க?" என்றேன்.

"எண்ணலீங்க. நூத்தம்பதுக்குக் கொறையாது. அந்தப் பாட்டு அவசரப்படாது, பாத்தீங்களா. அது அவசரப்படாதப்ப நம்ம காலும் அவசரப்படாது."

இந்த இடத்தில் நான் நெகிழ்ந்துபோனேன். எந்த இசை விமர்சனத்திலும் இவ்வளவு சரியான வாக்கியத்தைப் படித்ததில்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

"போன மாசம் பாப்பா புதுசுன்னு மாத்திக் குடுத்துச்சு. நானும் சரின்னு போட்டன். எறங்கறன், பாட்டு முடிஞ்சிபோச்சு. பாலம் எங்கியோ கெடக்குது. எனக்கு ஒரே கொழப்பம். பாட்டு மேல சந்தேகமே வர்ல. எம்மேலதான் வந்துச்சு. வயசாயிடுச்சு, காலு பயப்படுது, ரொம்ப மெதுவா வர்றம்போலன்னு நெனச்சன். அடுத்த நட ஒரு கியரு தூக்கினன்."

நிர்மலா தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டாவது வளைவுல மின்னாடி ஒரு டூரிஸ்ட் வேனு. பிரேக்க மிதிக்கறன், கருகற வாசனதான் வருது, வண்டி நிக்கல. பின்னாடி இருவத்தஞ்சு டன்னு தள்ளுது. அந்த வேனு பின்கண்ணாடில ஒரு பொண்ணு, சின்னப் பொண்ணு, முறுக்கு தின்னுக்கிட்டே என்னியப் பாத்துக் கைய ஆட்டுது. வண்டி நின்னப்ப எனக்கும் அதுக்கும் இவ்ளோதான் இருந்துச்சு."

கையை நீட்டிக் காட்டினார். ஒரு முழம்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். வேறு எதையும் நினைக்க முடியாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பயந்துபோயிருந்தேன். என்னைப் பற்றி எனக்கே அருவருப்பாக இருந்தது.

"பாப்பாகிட்ட சண்ட போட்டன். யாரு பாட்ட வெட்டினதுன்னு. அப்பத்தான் சொல்லுது, யாரோ ஒரு ஆளு பத்திரிகைல எழுதினானாம். என்னமோ பேரு சொன்னியே பாப்பா?"

"செவிச்செல்வன்" என்றார் நிர்மலா. கிளாஸுக்குள் பார்த்தபடியே சொன்னார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

"அவன்தான். கடைசி மூணு நிமிசம் தேவையே இல்லன்னு எழுதினானாம். அந்த மூணு நிமிசத்துல நான் ரெண்டு வளைவும் பாலமும் தாண்டணும். நீங்களும் பத்திரிகைல எழுதறவராமே? பாப்பா சொல்லுச்சு. அவனுக்கு ஒரு பதிலு எழுதணுங்க. நல்லா நறுக்குன்னு."

நிர்மலா அன்று முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் சொன்னது இது: "எழுதறேங்க."

"கேக்காம எப்டி எழுதுவீங்க?" என்றார் குப்புராஜ். அவர் அதை ஒரு குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார். "வியாழக்கெழம மத்தியானம் வண்டி எறங்குது. பழசத்தான் திரும்ப ஏத்தி வெச்சிருக்கன். கூட வாங்க, கேட்டுட்டு எழுதுங்க."

அவர் டீக்குக் காசு கொடுக்கப் போன நேரத்தில் நிர்மலாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அந்தப் பாட்டோட நீளம்... அப்பா இறங்கற நேரத்த மனசுல வெச்சுத்தான் போட்டீங்களா?"

அப்படி இருந்தால் கதைக்கு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று என் புத்தி அங்கேயும் வேலை செய்தது.

"அப்டியெல்லாம் ஒண்ணுமில்ல சார். மாதவுக்கு எப்ப நிறுத்தறதுன்னு தெரியல. நான் அடிக்கறத நிறுத்தற வரைக்கும் வாசிச்சுக்கிட்டே இருந்தாரு."

அப்படியென்றால் என் விமர்சனம்—

(சுகுணாவின் பென்சில்: "வாய மூடுங்க.")

7

முடிவுகள். கைவசம் மூன்று இருக்கின்றன.

அ) டீக்கடையிலேயே நான் எழுந்து நின்று, "அந்தச் செவிச்செல்வன் நான்தான்" என்று கணீரென்று சொல்கிறேன். குப்புராஜ் ஒரு கணம் திகைக்கிறார், பிறகு என்னைத் தழுவிக்கொள்கிறார். நிர்மலாவின் கண்கள் கலங்குகின்றன. தூரத்தில் ஒரு ரயில்— அதியமான்கோட்டை டீக்கடையில் ரயில் சத்தமெல்லாம் கேட்காது. கணீரென்று பேசுகிற ஆளும் நான் இல்லை.

ஆ) என் சொந்தப் பெயரில் செவிச்செல்வனுக்கு ஒரு காட்டமான மறுப்பு எழுதுகிறேன். அடுத்த இதழில் செவிச்செல்வன் பதில் சொல்கிறான். அதற்கு அடுத்த இதழில் நான். இரண்டு வருடம் சண்டை நடக்கிறது. சந்தா கூடுகிறது. ஆசிரியருக்கு ஏக மகிழ்ச்சி. ஒப்புக்கொள்கிறேன், இந்த முடிவு எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. முதல் மறுப்பில் இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். சுகுணா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதில் பென்சிலால் ஒன்றுமே எழுதவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல்முறை.

இ) வேன் இன்னும் ஒரு முழம் பின்னால்—

இதை எழுத மாட்டேன். கதைக்கு வலு வேண்டும் என்று ஒரு குழந்தையைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்து— இல்லை, முடியாது. விமர்சகர்கள் யாராவது இந்தக் கதையில் வலு போதவில்லை என்று எழுதினால் எழுதிக்கொள்ளட்டும். அவர்களாவது கடைசி வரைக்கும் படித்துவிட்டு எழுதட்டும்.

புதன்கிழமை சாயங்காலம் சுகுணா பழைய பரீட்சைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். பதினொரு நிமிடம் நாற்பது நொடியில் அந்த இறக்கத்தைக் கடந்தால் மணிக்கு முப்பது கிலோமீட்டர். போலீஸ் பலகையில் எழுதியிருக்கும் வேகமும் அதுதான். அதே தூரத்தை எட்டு நிமிடம் நாற்பது நொடியில் கடக்க வேண்டும் என்றால் நாற்பது.

"உங்க ஒரு வாக்கியம் பத்து கிலோமீட்டரு" என்றாள். "நாளைக்கிப் போங்க. போய்க் கேளுங்க. கேட்டுட்டு நீங்கதான்னு அவர்கிட்ட சொல்லுங்க. எறக்கத்துல சொல்லித் தொலைச்சிடாதீங்க, பாலம் தாண்டினதும் சொல்லுங்க. சொல்லிட்டு, நடந்தத எழுதுங்க. அதுதான் பதிலு."

நீங்கள் படித்துக்கொண்டிருப்பதுதான் அந்தப் பதில். இதுவரைக்கும் அன்று ராத்திரியே எழுதிவிட்டேன், சுகுணா பென்சிலோடு பக்கத்திலேயே இருந்தாள்.

8

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. லாரி கேபினில் குப்புராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கால் வைக்கிற இடத்தில் தண்ணீர்க் கேன், தலைக்கு மேலே சாமி படம், பின்னால் இருபத்தைந்து டன் கம்பி. இறக்கம் தொடங்கும் இடத்தில் அவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய் டயர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாவது கியரில் போட்டார். நான்காவது கோவையை அழுத்தினார்.

கிடார் தயங்கித் தயங்கி ஆரம்பித்தது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் எங்களைத் தாண்டிப் பறக்கும் கார்கள். போலீஸ் ஒலிபெருக்கி மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தது. குப்புராஜின் கால் பெடல்மேல் இருந்த விதத்தைப் பார்த்தேன். ஒரு தாளத்துக்கும் அது ஆடவில்லை, ஆனால் எல்லாத் தாளமும் அதற்குத் தெரிந்திருந்தது.

எட்டு நிமிடம் நாற்பது நொடி ஆனது. எனக்குத் தெரிந்த இசை முடிந்தது. அந்த நொடியில் முதல் வளைவின் நடுவில் இருந்தோம்.

அடுத்த மூன்று நிமிடங்களில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டு பத்தி தட்டிப் பார்த்தேன், நல்ல பத்திகள்தான், அழித்துவிட்டேன். மாதவராஜ் பழைய நீளத்தையே திரும்ப ஏற்றிவிட்டார். போய்க் கேளுங்கள். எனக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன்: இரண்டாவது வளைவு வந்தபோது ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன், கன்னம் ஈரமாக இருந்தது. அது எதிர்க்காற்று இல்லை, ஜன்னல் மூடியிருந்தது.

பாலம் வந்தது. தாண்டினோம். நிர்மலாவின் கடைசி அடி விழுந்து அடங்கியது.

குப்புராஜ் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு என் பக்கம் லேசாகத் திரும்பினார். முகத்தில் சந்தோஷம். "இப்ப சொல்லுங்க. இதுல எதங்க வெட்டறது?"

"ஒண்ணையும் வெட்ட முடியாதுங்க."

"அதத்தான் எழுதணும் நீங்க. அந்த ஆளு இத முழுசா கேட்டிருந்தா அப்டி எழுதியிருப்பானா?"

"கேக்கலீங்க அவன்."

"அது எப்டி உங்களுக்குத் தெரியும்?"

பத்திரத்தில் எழுதுகிற மாதிரி முழுப் பெயரும் தகப்பனார் பெயரும் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை.

"நான்தாங்க அது" என்றேன். "புளி வாங்கணும்னு பாட்ட பாதில நிறுத்திட்டு எறங்கிட்டன். அப்பறம் கேக்கவே இல்ல. கேட்ட மாதிரி எழுதிட்டன்."

இதுவரைக்கும் நடந்ததை எழுதிவிட்டேன். இனி என்னால் முடியாது. அவர் என்னை இறங்கச் சொல்லவில்லை. திட்டவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், வண்டியை இடது பக்கமே ஓட்டினார். ஓமலூர் தாண்டிவிட்டது. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்து ஏதாவது படிக்க முடியுமா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். சாலையைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

இந்த இதழின் ஆசிரியர் கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்பார். உங்களுக்கும் வேண்டும்தான். மன்னித்தார் என்று எழுத எனக்கு ஆசை. வண்டியை நிறுத்தி அறைந்தார் என்று எழுதினாலும் நியாயமாகத்தான் இருக்கும். உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள். இதை முடிக்க வேண்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வண்டி ஓட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.